சின்ன பார்ல லைவ் பேண்ட் ரெக்கார்ட் பண்றவங்களுக்கு, மைக் எங்க வைக்கறதுன்னு நம்ம கடைல இருந்து ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

நம்மகிட்ட மைக், ஸ்டாண்ட், ரெக்கார்டர் வாடகைக்கு எடுக்கறவங்க எல்லாருக்கும்தான் இது, அதுலயும் சென்னை, பாண்டிச்சேரி, பெங்களூர்னு சின்ன பார்லயும் பப்லயும் வாசிக்கற பேண்ட்காரங்க கண்டிப்பா படிங்க. கொஞ்ச நாளா ஒரே கதை திரும்ப திரும்ப நடக்குது. சனிக்கிழமை மத்தியானம் வந்து எட்டு மைக் குடுங்க, பன்னெண்டு மைக் குடுங்கன்னு வாங்கிட்டு போறீங்க, திங்கக்கிழமை சாமான திருப்பி கொண்டு வரும்போது முகமே வாடி கிடக்கு, "அண்ணே ஒரே சிம்பல் சத்தமா விழுந்திருக்கு, பாடறவங்க குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு"ன்னு போன்ல போட்டு காட்டறீங்க. நாங்க மைக்க எடுத்து செக் பண்ணி பாத்தா மைக் நல்லாதான் இருக்கு. வெச்ச எடம்தான் பிரச்சினை. மாசக்கணக்கா ரிகர்சல் பண்ணி ஒரு ராத்திரி அருமையா வாசிச்சிட்டு அது சரியா பதிவாகாம போறத பாக்க எங்களுக்கு உண்மையிலேயே கஷ்டமா இருக்கு, அதான் உக்காந்து எழுதிடலாம்னு.

மொதல்ல ஒரு சந்தேகத்த தீத்துடறோம், ஏன்னா நெறைய பேர் கேக்கறது இதுதான். "பார்ல மிக்ஸர் இருக்கே, அதுல இருந்து ஒரு வயர் போட்டு ரெக்கார்ட் பண்ணா போதாதா?" போதாது. பெரிய கிரவுண்ட் கச்சேரின்னா எல்லாமே மிக்ஸர் வழியாதான் போகும், அதனால அங்க அது ஓரளவுக்கு சரிப்படும். சின்ன பார்ல டிரம்ஸும் கிட்டார் ஆம்பும் மைக்கே இல்லாம ஹால் முழுக்க கேக்கும், அதனால சவுண்ட் பாக்கறவர் ஸ்பீக்கர்ல குரலையும் கீபோர்டையும் மட்டும்தான் ஏத்தி வெச்சிருப்பார். அவர் செய்யறது அந்த ரூமுக்கு ரொம்ப சரி. ஆனா அந்த வயர்ல உங்களுக்கு கிடைக்கறது என்ன? குரல் பளிச்சுன்னு முன்னாடி நிக்கும், டிரம்ஸ் ஏதோ பக்கத்து வீட்டுல வாசிக்கற மாதிரி குரல் மைக் வழியா கசிஞ்சு வரும், பேஸ் இருக்காது. அதனால மிக்ஸர் அவுட்ட வாங்கிக்கோங்க, அதுல இல்லாதத புடிக்கத்தான் மைக். இந்த ஒரு விஷயம் மனசுல பதிஞ்சிட்டா மைக்க எங்க வைக்கணும்கறது பாதி புரிஞ்ச மாதிரி.

அப்போ எங்க வைக்கணும்? எங்க அனுபவத்துல ஒரு ஜோடி கண்டென்சர் மைக்க (நுணுக்கமான சத்தத்தையும் புடிக்கற வகை, அதுலயும் முன்பக்கத்த மட்டும் நல்லா கேக்கற கார்டியாய்டா பாத்து) ஸ்டேஜ் விளிம்புல, நடுவுல, பேண்டுக்கு ஒன்றரை இல்ல ரெண்டு மீட்டர் தள்ளி, தலைக்கு கொஞ்சம் மேல வெச்சு பேண்ட பாத்து திருப்பிடுங்க. முக்கியமா பிஏ ஸ்பீக்கர், அதாவது கூட்டத்துக்கு கேக்க வெச்சிருக்கற பெரிய ஸ்பீக்கர் ரெண்டும் அந்த மைக்குக்கு பின்பக்கமா வர்ற மாதிரி பாத்துக்கோங்க. கார்டியாய்டு மைக் பின்னாடி இருந்து வர்ற சத்தத்த ரொம்ப கம்மியாதான் எடுக்கும், அதனால டிரம்ஸ், ஆம்ப் எல்லாம் நேரா விழும், ஸ்பீக்கர் குரல் அமுங்கிடும், குரலுக்குத்தான் மிக்ஸர் வயர் இருக்கே. பார் கவுண்டரும் பெரும்பாலும் அதே பின்பக்கம்தான் இருக்கும், அதனால ஐஸ் கொட்டற சத்தமும் மிக்ஸி சத்தமும் சேந்தே கம்மியாகும். நாங்க ஆரம்பத்துல ஒரு பார்ல பிளக் பாயிண்ட் அங்கதான் இருக்குன்னு கவுண்டர் பக்கத்துலயே ஜோடி மைக்க வெச்சோம். ராத்திரி பூரா வாசிச்ச அந்த பேண்டோட மெதுவான பாட்டு ஒவ்வொண்ணுலயும் ஜூஸ் அடிக்கற சத்தம். அந்த பசங்களுக்கு அந்த ராத்திரிய எங்களால திருப்பி குடுக்க முடியல. அன்னைல இருந்து 15 மீட்டர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒண்ணு எல்லா கிட்டோடயும் காசு வாங்காம சேத்து அனுப்பறோம், தயவுசெஞ்சு அத கடைலயே வெச்சிட்டு போகாதீங்க.

ஹால் பின்னாடி சுவத்து ஓரமா வைக்காதீங்கன்னு சொல்றதுக்கு காரணம் இருக்கு. திறந்தவெளில தூரம் ரெட்டிப்பானா நேரா வர்ற சத்தம் 6 டெசிபெல் குறையும். ஆனா நாலு சுவத்துக்குள்ள சுவர்லயும் சீலிங்லயும் பட்டு சுத்திக்கிட்டிருக்கற சத்தம் அப்படி குறையாது, ரூம் பூரா கிட்டத்தட்ட ஒரே அளவுதான். அதனால நாலஞ்சு மீட்டர் தள்ளி போனாலே பேண்ட விட ரூம் சத்தம் ஜாஸ்தியா விழ ஆரம்பிச்சிடும். நேர்ல கேக்கும்போது நம்ம ரெண்டு காதும் மூளையும் சேந்து அத பிரிச்சு எடுத்துக்கும், மைக்குக்கு அந்த புத்தி கிடையாது. "அங்க உக்காந்து கேக்க நல்லா இருந்துச்சே"ன்னு நீங்க சொல்றது நெசம்தான், மைக்குக்கு மட்டும் அந்த எடம் ஆகாது.

சீலிங் விஷயம் இன்னும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா நம்ம ஊரு பார் நெறைய தாழ்வான ஃபால்ஸ் சீலிங். மைக்க ஒசத்தணும்னு சொன்னதும் சிலர் சீலிங்குக்கு ஒரு சாண் கீழ வரைக்கும் ஏத்திடறாங்க. சத்தம் நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகுது, அப்போ 34 சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிசெகண்ட். சீலிங்ல பட்டு வர்ற சத்தம் நேரா வர்றத விட ஒரு மில்லிசெகண்ட் லேட்டா வந்தா 500 ஹெர்ட்ஸ்ல ரெண்டும் ஒண்ண ஒண்ணு அடிச்சிக்கும், அப்புறம் 1500, 2500ன்னு சீப்பு பல்லு மாதிரி எடையெடையில ஓட்டை விழும். கேக்கறதுக்கு குழாய் வழியா பேசற மாதிரி இருக்கும், எந்த ஈக்குவலைசர் வெச்சும் சரி பண்ண முடியாது. அதனால தலைக்கு மேல, ஆனா சீலிங்குக்கு நல்லா கீழ, ரெண்டுக்கும் நடுவுல நிறுத்துங்க. சீலிங் ரொம்பவே கீழ இருந்தா பவுண்டரி மைக்னு தட்டையா ஒண்ணு இருக்கு, அத கேளுங்க, அப்படியே சீலிங்லயே ஒட்டிடலாம், ரெண்டு சத்தமும் ஒண்ணா வந்து சேந்திடும்.

ஜோடி மைக்க எப்படி திருப்பறதுன்னு கேட்டா ரெண்டு வழி சொல்லுவோம். பிரான்ஸ் ரேடியோகாரங்க பழக்கத்துக்கு கொண்டு வந்த ஓஆர்டிஎஃப் முறை, ரெண்டு மைக்குக்கும் நடுவுல 17 சென்டிமீட்டர், 110 டிகிரி விரிச்சு. ஹெட்ஃபோன்ல கேக்க அழகா விரிஞ்சு இருக்கும். இன்னொண்ணு எக்ஸ்ஒய், ரெண்டு தலையும் ஒண்ணு மேல ஒண்ணு, 90 டிகிரி. இது அவ்வளவு விரியாது, ஆனா போன் ஸ்பீக்கர்ல இடது வலது ரெண்டும் ஒண்ணா மோனோவா சேந்தாலும் கெட்டுப்போகாது. ரீல்ஸ் போடத்தான்னா எக்ஸ்ஒய் போதும், ஆல்பம் மாதிரி வெளியிடணும்னா ஓஆர்டிஎஃப். ரெண்டு மைக்கையும் அந்த மாதிரி மாட்டற கம்பி நம்மகிட்ட இருக்கு, அளவு அதுலயே கோடு போட்டு வெச்சிருக்கோம்.

இப்போ குரல் மைக். இங்கதான் டிரம்ஸ் உள்ள நுழையுது. சின்ன ஸ்டேஜ்ல பாடறவங்க நடுவுல, டிரம்மர் அவங்களுக்கு நேர் பின்னாடி. அப்போ குரல் மைக்கோட வாய் பாடறவங்கள பாக்குதுன்னா அவங்க தோளுக்கு பின்னாடி இருக்கற சிம்பலயும் சேத்துதான் பாக்குது. பாடறவங்கள ரெண்டு அடி பக்கவாட்டுல தள்ளி, மைக்க லேசா திருப்பி வெச்சாலே வித்தியாசம் தெரியும், காசு செலவில்லாத வேலை. அடுத்து, உதடு மைக்குக்கு ரெண்டு மூணு விரல் தூரத்துல இருக்கணும், கை அந்த வலைய மூடக்கூடாது, மூடுனா பின்னாடி சத்தத்த தள்ளற அந்த குணமே போயி ஹவுலிங்கும் எடுக்கும். மானிட்டர், அதாவது பாடறவங்களுக்கே கேக்க ஸ்டேஜ்ல வைக்கற ஸ்பீக்கர், அத வைக்கறதுலயும் ஒரு கணக்கு இருக்கு. ஷூர் கம்பெனி எஸ்எம்58 மாதிரி கார்டியாய்டுன்னா மானிட்டர் மைக்குக்கு நேர் பின்னாடி இருக்கலாம், பீட்டா 58 மாதிரி சூப்பர்கார்டியாய்டுன்னா நேர் பின்னாடி கொஞ்சம் எடுக்கும், அதோட செவிட்டு எடம் முன்பக்கத்துல இருந்து சுமார் 126 டிகிரில, அதனால மானிட்டர சைடுல தள்ளுங்க. விலை ஜாஸ்தியான மைக்க எடுத்துட்டு போயி பழைய எடத்துலயே மானிட்டர வெச்சா பழைய மைக்கே பரவால்லன்னு ஆயிடும்.

டிரம்ஸுக்கு ஏழு மைக் கேக்காதீங்க. அந்த சின்ன ரூம்ல எல்லா மைக்லயும் டிரம்ஸ் ஏற்கனவே இருக்கு! கிக் (காலால மிதிக்கற பெரிய டிரம்) உள்ள ஒண்ணு, அப்புறம் ஓவர்ஹெட்னு மேல இருந்து எடுக்கற மைக் ஒண்ணு, அதுவும் சிம்பலுக்கு நேர் மேல வேண்டாம், டிரம்மரோட வலது தோளுக்கு மேல இருந்து ஸ்நேர (அவர் முன்னாடி இருக்கற பளீர்னு சத்தம் வர்ற சின்ன டிரம்) பாத்த மாதிரி வைங்க. சிம்பல் கொஞ்சம் அடங்கி ஸ்நேரும் டாமும் முன்னாடி வரும். ரெண்டு ஓவர்ஹெட்தான் வேணும்னா பிரிட்டிஷ் என்ஜினியர் கிளின் ஜான்ஸ் பேர்ல சொல்ற முறை இருக்கு, ரெண்டு மைக்கும் ஸ்நேர் நடுவுல இருந்து ஒரே தூரம். கண்ணளவுல வைக்காதீங்க, ஒரு நூல எடுத்து அளந்து வைங்க, அப்போதான் ஸ்நேர் ரெண்டுலயும் ஒரே நேரத்துல விழுந்து கனமா கேக்கும்.

கிட்டார் ஆம்ப தரைல இருந்து தூக்கி ஒரு நாற்காலி மேல வைங்க, வாசிக்கறவருக்கே காதுல கேக்கும், சவுண்ட கொறைக்க ஒத்துக்குவார். அதே ஷூரோட எஸ்எம்57 அதுக்கு போதும், 1965ல வந்த மைக், இன்னும் அத மிஞ்ச பெருசா ஒண்ணும் தேவைப்படல. ஆம்ப் முன்பக்க துணிக்கு நாலு விரல்கடை தள்ளி, உள்ள இருக்கற ஸ்பீக்கர் கோனோட நடுவுல வெச்சா கூர்மையா இருக்கும், ஓரத்துக்கு போகப்போக மழுங்கும். பேஸ், கீபோர்டு, அக்கூஸ்டிக் கிட்டார் மூணும் டிஐ பாக்ஸ்ல (மைக் இல்லாம வயர்லயே நேரா மிக்ஸருக்கு அனுப்பற டப்பா) போயிடட்டும். கஹோன்னா (மேல உக்காந்து தட்டற மரப்பெட்டி) பின்னாடி ஓட்டைக்கிட்ட ஒரு மைக்.

எல்லா மைக்குக்கும் பொதுவா ஒண்ணு, மைக்குக்கும் அது எடுக்கற வாத்தியத்துக்கும் ஒரு சாண் தூரம்னா அடுத்த மைக் குறைஞ்சது மூணு சாண் தள்ளி இருக்கணும். ஸ்டேஜ் சின்னதுன்னா அப்படி தள்ளி வைக்க எடமே இருக்காது, அதான் மைக்க கம்மி பண்ணுங்கன்னு திரும்ப திரும்ப சொல்றோம். நாலு மைக் வாடகைய விட பன்னெண்டு மைக் வாடகை எங்களுக்கு லாபம்தான், ஆனாலும் சொல்றோம்.

லெவல் எவ்வளவு வைக்கணும்னு தினமும் போன் வருது. 24 பிட்ல ரெக்கார்ட் பண்ணுங்க, சவுண்ட் செக்ல உச்சம் ரெக்கார்டர் மீட்டர்ல மைனஸ் 12 டெசிபெல்கிட்ட நிக்கட்டும், ஏன்னா கூட்டம் வந்ததும் எல்லாரும் சவுண்ட் செக்ல வாசிச்சத விட சத்தமாத்தான் வாசிக்கறீங்க. காலி ரூம்ல எதிரொலி பயமுறுத்துனா கவலப்படாதீங்க, ஆளுங்க வந்து உக்காந்ததும் அவங்க உடம்பும் துணியுமே நெறைய உறிஞ்சிடும்.

வீட்டுக்கு வந்து மிக்ஸ் பண்ணும்போது, ரெண்டு மீட்டர்ல இருக்கற ஜோடி மைக் மிக்ஸர் வயர விட சுமார் 6 மில்லிசெகண்ட் பின்னாடி இருக்கும், அத அவ்வளவு முன்னாடி நகத்துங்க. தனி ரெக்கார்டர்ல எடுத்திருந்தா ரெண்டு மெஷினோட கடிகாரமும் ஒண்ணா ஓடாது, போகப்போக வெலகும், அதனால ஒவ்வொரு செட் ஆரம்பத்துலயும் முடிவுலயும் ஸ்டேஜ் நடுவுல நின்னு ஒரு தடவ பளார்னு கை தட்டிடுங்க, அந்த கோடு வெச்சு சேத்துக்கலாம்.

கூட்டத்தோட சத்தமே வேண்டாம்னு சிலர் அடம் பிடிக்கறீங்க, அதுல எங்களுக்கு உடன்பாடு இல்ல. 1961 ஜூன் 25ஆம் தேதி நியூயார்க்ல வில்லேஜ் வான்கார்ட்னு தரைக்கு கீழ இருக்கற ஒரு சின்ன கிளப்ல ஜாஸ் பியானோகாரர் பில் எவன்ஸோட மூணு பேர் குழு, பில் எவன்ஸ் ட்ரியோ, வாசிச்சத பதிவு பண்ணாங்க, கிளாஸ் உரசறதும் ஆளுங்க பேசறதும் அதுல தெளிவா கேக்கும், இன்னைக்கும் உலகம் பூரா ஜாஸ் கேக்கறவங்க அத தேடித்தேடி கேக்கறாங்க. பேஸ் வாசிச்ச ஸ்காட் லஃபாரோ அதுக்கப்புறம் 11 நாள்ல கார் விபத்துல செத்துட்டார், வயசு 25. அன்னைக்கு அந்த மூணு பேரு வாசிச்சது நமக்கு இவ்வளவு கிட்டத்துல கிடைக்குதுன்னா யாரோ ஒருத்தர் மைக்க சரியான எடத்துல வெச்சதாலதான். கிளாஸ் சத்தம் இருக்கட்டும், பாட்டுக்கு பின்னாடி இருக்கட்டும்.

அடுத்த தடவ சாமான் எடுக்க வரும்போது அந்த பாரோட ஸ்டேஜ், சீலிங், கவுண்டர், ஸ்பீக்கர் நாலும் தெரியற மாதிரி போன்ல ரெண்டு போட்டோ எடுத்துட்டு வாங்க. கடைல உக்காந்து எந்த மைக் எங்கன்னு ஒரு பேப்பர்ல படம் போட்டே குடுத்து அனுப்பறோம், அதுக்கு தனியா காசு கிடையாது. சனிக்கிழமை கூட்டமா இருக்கும், முடிஞ்சா வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்துடுங்க.