அமைதிக் கல்விக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம். எங்கள் பள்ளியில் பிள்ளைகளின் சண்டைகளை அடிக்காமல், பேசித் தீர்க்கப் பழக்குவதைத்தான் அமைதிக் கல்வி என்கிறோம்.

முதல் நன்றி துப்புரவுப் பணியாளர்களுக்கும் காவலாளிகளுக்கும். சண்டை எங்கே மூளும் என்பது ஆசிரியர்களைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது: மாடிப்படித் திருப்பம், கழிப்பறை வாசல், மணி அடித்ததும் குழாயடி. நீங்கள் சொல்லச் சொல்ல நேரம், இடம், அதற்குச் சற்றுமுன் நடந்தது என மூன்று பத்தி போட்டு ஏடு எழுதினோம். பெயருக்குப் பத்தி இல்லை. பெயர் ஏறினால் அது குற்றப் பதிவேடாகிவிடும், அப்புறம் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். ஏட்டைப் பார்த்து இடைவேளையை இரண்டு பிரிவாக்கியதும் குழாயடித் தள்ளுமுள்ளு வெகுவாக அடங்கியது. குழாயின் எண்ணிக்கையும் அமைதிக் கல்வியில் சேர்த்திதான்.

பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பேசும் வட்ட அமர்வுக்காக வாரம் ஒரு பாடவேளை விட்டுத்தந்த ஆசிரியர்களுக்கு நன்றி. தேர்வு நெருங்கும்போது அது சின்ன விஷயமில்லை. வட்டத்துக்கு 12 முதல் 15 பேர், நடுவில் மேசை கிடையாது. பேசுகோல் கையில் உள்ளவர் மட்டுமே பேசுவார். விருப்பமில்லாதவர் அதை அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். கேள்விகள் மூன்று: என்ன நடந்தது, யாருக்கு என்ன பாதிப்பு, அதைச் சரிசெய்ய என்ன வழி. "ஏன் செய்தாய்?" என்று ஆரம்பித்தால் பிள்ளைகள் வக்கீல்களாகிவிடுவார்கள். அடித்துக்கொண்ட சூட்டோடு உட்காரவைப்பதும் வீண். அரைமணி நேரமாவது ஆறவேண்டும். கைகொடு, மன்னிப்புக் கேள் என்று கட்டாயப்படுத்தினால் சண்டை பள்ளி வாசலுக்கு வெளியே போகும், அவ்வளவுதான்.

சக மாணவர்களின் சண்டையைப் பேசித் தீர்க்க உதவிய சமரச மாணவர்களே, இருவர் இருவராக உட்கார்ந்து, தீர்ப்புச் சொல்லாமல், இரு தரப்பும் சொன்னதை அவரவர் வார்த்தையிலேயே திருப்பிச் சொன்னீர்கள். கேட்க எளிது, செய்வது கஷ்டம். சண்டைக்குப் பேர்போன சிலரையும் வேண்டுமென்றேதான் குழுவில் சேர்த்தோம். நல்ல பிள்ளைகள் மட்டும் இருந்தால் அடிதடிக்காரர்கள் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்கமாட்டார்கள்.

தொடர் சீண்டல், பாலியல் தொல்லை, ஆயுதம் ஆகியவை சமரச மேசைக்கு வராமல் பார்த்துக்கொண்ட ஆலோசகருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். சீண்டல் என்பது பலம் சமமில்லாத இடத்தில் திரும்பத் திரும்ப நடப்பது என்று நார்வே ஆய்வாளர் டான் ஓல்வேயஸ் வரையறுத்தார். அங்கே பலம் குறைந்த பிள்ளையிடம் "விட்டுக்கொடு" என்பது இன்னொரு அடி.

பள்ளி ஒழுங்கு குழந்தையின் மனித கண்ணியத்துக்கு இசைவாக இருக்கவேண்டும் என்கிறது 1989-ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 28-ஆம் பிரிவு. பிரம்பை அகற்றிவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டால் ஒழுங்கு இன்னும் கெடும். உடைத்ததைப் பழுதுபார்ப்பது, தவறவிட்ட பாடத்தை எழுதிக்கொடுப்பது என மாற்று வேலைகளுக்குப் பட்டியல் போட்டு, அதற்கு நேரமும் ஒதுக்கிய தலைமையாசிரியருக்கு நன்றி.

பெற்றோரே, கைப்பேசிக்கு வந்த சண்டைக் காணொளியை மேலும் பரப்பாமல், எங்களுக்குத் தெரிவித்துவிட்டு அழித்தீர்களே, அதற்கும் நன்றி. பரவியிருந்தால், பார்த்தவர்கள் முன்னால் மானம் காக்கவென்றே மறுநாள் இன்னொரு சுற்று நடந்திருக்கும்.

இப்படிக்கு,
பள்ளி அமைதிக் கல்விக் குழுவினர்