மொய் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். போனில் பேசினால் அரை மணி நேரத்தில் பாதிதான் சொல்ல முடிகிறது, மீதியை உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில், நீ இங்கே வந்து ஓடப்போகும் மராத்தானை வைத்து ஆஸ்பத்திரிக்குச் சேர்க்கும் பணத்தின் கணக்கு. நீ அனுப்பின லிங்க்கை தெருவில் எல்லாருக்கும் வாட்சப்பில் போட்டேன். நிறைய பேருக்கு அதில் பணம் கட்ட வரவில்லை, வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அதனால் ஒரு நீள நோட்டு வாங்கி, மூலையில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, பேரும் தொகையுமாக மொய் எழுதி வருகிறேன். கல்மண்டபம் ஆட்டோ ஸ்டாண்டில் சேர்ந்து 500 ரூபாய். அத்தோ கடைக்காரர் 200. காசிமேட்டில் நாம் வாடிக்கையாக மீன் வாங்கும் அக்கா, வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே, "பொண்ணு எதுக்கும்மா ஓடுது?" என்று கேட்டார். அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்கு என்றேன். கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினார், இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து 20 ரூபாய்த் தாளை எடுத்து நீவிக் கொடுத்தார். "எங்கம்மா அங்கதான் இருந்துச்சு" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை.

உன் ஆபீஸில் ஒருவரே 10,000 கொடுத்தாராமே, சந்தோஷம். அவர் பேர் எப்படிப் பட்டியலில் வருகிறதோ, இந்த 20 ரூபாய்க்கும் அப்படியே வர வேண்டும். 'மற்றும் பலர்' என்று மொத்தமாகப் போட்டுவிடாதே. இத்தனை வருஷம் சீட்டு நடத்தியவள் சொல்கிறேன், கொடுத்தவர் எவ்வளவு கொடுத்தாலும் கணக்கு அவர் கைக்குப் போக வேண்டும். அந்த ஆஸ்பத்திரியே அப்படி வந்ததுதானே. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அம்மா, பலரிடம் கேட்டுக் கேட்டுப் பணம் சேர்த்து, 1954ல் 12 படுக்கையோடு ஆரம்பித்தார். உங்க ஆயா அங்கே இருந்தபோது பக்கத்துப் படுக்கைக்கு ஆந்திராவிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள்.

அப்புறம், நீ சொன்ன அந்த கனடாப் பையன் டெர்ரி ஃபாக்ஸ் என் மனசை விட்டுப் போகவே இல்லை. 18 வயசில் புற்றுநோயால் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். பொய்க்காலோடு 1980ல் நாட்டையே குறுக்காக ஓடிக் கடக்கக் கிளம்பினான், தினம் ஒரு மராத்தான் தூரம். ஆளுக்கு ஒரு டாலர் கொடுங்கள் என்று கேட்டான். 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடினான், நோய் நுரையீரலுக்குப் பரவியதும் நின்றுவிட்டான். அவன் நின்ற பிறகுதான் பணம் வந்து குவிந்தது. அடுத்த பிப்ரவரிக்குள் 2.4 கோடி டாலருக்கு மேல், அந்த நாட்டு ஜனத்தொகைக்கு ஆளுக்கு ஒன்று என்ற கணக்கில்! அவன் ஓடி முடிக்கவில்லையே என்று யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, பாப்பா. நம்ம தெருவிலும் கேட்க மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள், நீ ஓடும் 42.195 கிலோமீட்டருக்கு இல்லை. முட்டி வலித்தாலோ தலை சுற்றினாலோ ஓரமாக நின்றுவிடு. ஊருக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலையோடு ஒரு அடிகூட ஓடாதே.

பெங்களூர்க் குளிரில் ஓடிப் பழகின உடம்பு உனக்கு. இங்கே ஜனவரியிலும் கடல்காற்றில் ஈரம் இருக்கும், வியர்வை காயாது, அதனால் உடம்புச் சூடு சீக்கிரம் ஏறும். பத்து நாள் முன்னாடியே வந்துவிடு. நர்ஸ் வேலை பார்க்கும் மேல்வீட்டு அக்காவிடம் கேட்டேன். பயந்துகொண்டு தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம் என்கிறார். தாகத்துக்குக் குடி, போதும். 30 கிலோமீட்டர் வாக்கில் உடம்பில் இருக்கும் சர்க்கரைச் சத்து தீர்ந்துபோய்க் கால் கட்டையாகிவிடும் என்று நீதான் சொன்னாய், அதற்கு முன்னாலேயே எதையாவது சாப்பிட்டுக்கொண்டே ஓடு. கடைசி இரண்டு மூன்று வாரம் தூரத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்களாமே, தயவுசெய்து குறை. உனக்குச் சும்மா இருக்க வராது, எனக்குத் தெரியும்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஓடிப் பார்க்கலாமா என்று கேட்டாய். வேண்டாம். விடியற்காலையிலேயே ஹார்பருக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், புகையும் புழுதியும் நெஞ்சில்தான் இறங்கும். மெரினாவுக்குப் போ. உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை போய்ப் போய் வா. அப்பா வண்டியில் தண்ணீரும் உப்புப் போட்ட மோரும் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்கிறார். இப்போதே பாட்டில் கழுவி வைத்துவிட்டார்.

சரி, ஒன்று கேட்க வேண்டும். இஸ்திரிக்காரர் பொங்கலுக்குத்தான் கையில் காசு வரும், அப்போது தருகிறேன் என்கிறார். ஓட்டம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுமே. அதற்கு அப்புறமும் லிங்க் திறந்திருக்குமா, இல்லை நான் இப்போது என் கையிலிருந்து கட்டிவிட்டு அவரிடம் பிறகு வாங்கிக்கொள்ளட்டுமா? விசாரித்துச் சொல். எப்படிக் கட்டினாலும் ரசீது அவர் பேரில்தான் வர வேண்டும்.

அன்புடன்,
அம்மா
ராயபுரம்