சித்தப்பாவுக்கு ஒரு கல்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கல்லறைத் திருநாளன்று எல்லோரும் அவரவர் குடும்பக் கல்லறையில் மெழுகுவர்த்தி கொளுத்த, சித்தி மட்டும் எங்கே வைப்பது என்று தெரியாமல் சிலுவை நிற்கும் குருசடியில் கொண்டுபோய் வைத்தார் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனசு வேறெதிலும் போகவில்லை.

நான் சுகம். கனடாவில் குளிர் தொடங்கிவிட்டது. இங்கே மெழுகு பூசிய மரச்சீனி கடையில் கிடைக்கிறது, நம்மூர்க் கிழங்கு மாதிரி மாவாக வேகாது, ஆனாலும் டின்னில் வரும் சாளையைத் தேங்காய் அரைத்துக் கறி வைத்தால் சாப்பிடலாம். அறையில் கூட இருந்த பையன் வேறு ஊருக்குப் போய்விட்டான், இடம் தாராளம். ஷிப்டைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள், பணம் வர நாலு நாள் பிந்தினால் கவலைப்படாதீர்கள்.

பக்கத்து வீட்டுத் தாத்தா, அதுதான் நாயிடம் மட்டும் பேசுகிறவர், தினமும் காலையில் துடைப்பத்தோடு நாற்சந்திக்குப் போய் அங்கே நிற்கும் சிப்பாய் சிலையின் அடியைப் பெருக்குகிறார். பேர்பெற்ற தளபதி யாரும் இல்லை, சாதாரண சிப்பாய். துப்பாக்கியைத் தலைகீழாக ஊன்றி அதன்மேல் கை வைத்துத் தலை குனிந்து நிற்கிறான். பீடத்தில் 1914 முதல் 1918 வரை போரில் செத்த இந்த ஊர்ப் பிள்ளைகளின் பெயர்கள், அதற்குக் கீழே இரண்டாம் போரில் போனவர்கள். ஒரே வீட்டுப்பெயர் அடுத்தடுத்து வருவதைப் பார்த்தால் வயிறு பிசைகிறது. தாத்தாவுடைய பெரியப்பாவின் பெயரும் இருக்கிறது. அந்த முதல் போரில் வெளிநாட்டில் செத்த கனடாக்காரர்களின் உடலைக் கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்ப விடவில்லை, செத்த தேசத்திலேயே அடக்கம். பலருக்கு உடலே கிடைக்கவில்லை. பிரான்சில் விமி என்ற குன்றில், கல்லறை தெரியாத கனடாக்காரர்கள் 11,285 பேரின் பெயரை வெட்டி வைத்திருக்கிறார்கள். அம்மாமார் பூ வைக்க ஓர் இடம் வேண்டாமா, அதற்குத்தான் ஊர் ஊராகச் சிலை.

முதல் போர் நின்ற நாளான நவம்பர் 11 அன்று காலை 11 மணிக்கு எல்லோரும் அங்கே கூடி இரண்டு நிமிடம் பேசாமல் நின்றோம். தாத்தா என் கோட்டில் ஒரு சிவப்புப் பூவைக் குத்திவிட்டார். எனக்குச் சித்தப்பா ஞாபகம்தான். 2017-இல் ஒக்கி புயல் அடித்தபோது சின்னத்துறைக் கரையில் ராத்திரி பகலாக நின்றோமே, திரும்பி வந்த ஒவ்வொரு படகிலும் சித்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாரே. அம்மா, அப்போதே கிளம்பி வந்து உங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும் போல இருந்தது. கடல் சத்தம் இல்லாமல் இங்கே சரியாகத் தூக்கம் வருவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் கல்லறைத் தோட்டத்தில் சித்தப்பாவுக்கு ஒரு கல் வைக்க வேண்டும். உடல் இல்லாமல் என்ன கல் என்று மாமா கேட்பார், இதையெல்லாம் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். ஆனால் சித்தி சம்மதிக்காமல் ஒன்றும் செய்ய வேண்டாம். இறப்புச் சான்றிதழுக்குக் கையெழுத்துப் போடவே அவர் என்ன பாடுபட்டார் என்று நமக்குத் தெரியும். இறந்த நாள் என்று போட மனசு வராவிட்டால், கடலுக்குப் போன நாளை மட்டும் வெட்டலாம். ஞானஸ்நானப் பெயரா, படகில் கூப்பிடுகிற பெயரா, அதையும் அவரே சொல்லட்டும். பங்குத்தந்தையிடம் தம்பி பேசட்டும், கல்லுக்கு என்ன ஆகும் என்று மார்த்தாண்டத்தில் விசாரிக்கட்டும். பணம் கொஞ்சம் கொஞ்சமாக நான் அனுப்புகிறேன்.

அப்புறம், தம்பி நாள்கணக்கில் கடலிலேயே கிடந்து மீன்பிடிக்கும் தங்கலுக்குப் போகிறேன் என்று நிற்பதாக எழுதியிருந்தீர்கள். டிசம்பர் கழியட்டும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்