மீட்டரை மாற்றாதே, முதலில் கேபிளைப் பார்

அன்புள்ள கண்ணு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். பார்சலைப் பிரித்ததும் மேலே இருக்கும் கச்சாயப் பலகாரப் பையை எடுத்து வைத்துவிட்டு அடியில் பார். பெரிய வளையமாகச் சுற்றி ஒரு கறுப்புக் கேபிள் வைத்திருக்கிறேன். உன் ஸ்ப்ளெண்டர் பைக்கின் வேக மீட்டருக்குப் போகும் கேபிள். அதை யாரையும் மடிக்க விடாதே. உள்ளே இருக்கும் கம்பி ஒரு தடவை மடங்கினால் அப்புறம் நேராகாது.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதில் பாதி லாரிச் சத்தத்தில் போய்விட்டது. "மீட்டர் போயிடுச்சுப்பா, புது மீட்டரே போட்டுடலாம்னு மெக்கானிக் சொல்றாரு" என்றது மட்டும் நன்றாகக் கேட்டது. போடச் சொல்லிவிடாதே. அவர் மேல் தப்பில்லை, வரிசையாக வண்டி நிற்கும்போது கழற்றி மாட்டுவதுதான் சீக்கிரம் முடியும். ஆனால் நம் வண்டிக்கு அது தேவைப்படாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நீ அனுப்பிய இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்று ஓசூரில் வண்டி வந்து இறங்கிய அன்று எடுத்தது, இன்னொன்று பத்து நாள் கழித்து எடுத்தது. இரண்டிலும் 41862. நடுவில் தினமும் வேலைக்குப் போய் வந்திருக்கிறாய். அப்படியென்றால் முள் மட்டும் இல்லை, கிலோமீட்டரும் நின்றுவிட்டது. இரண்டும் சேர்ந்து நின்றால் பெரும்பாலும் மீட்டர் நன்றாகத்தான் இருக்கும், அதற்குச் சுற்று வந்து சேரவில்லை என்று அர்த்தம். இரண்டாவது படத்தின் ஓரத்தில் இன்னொன்றும் தெரிகிறது. முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க் பக்கத்தில் கேபிள் நுழைந்து போக ஒரு கம்பி வளையம் உண்டு. உன் கேபிள் அதற்கு வெளியே கிடக்கிறது, மீட்டருக்குக் கீழே முழங்கை மாதிரி மடங்கியும் இருக்கிறது. லாரியில் ஏற்றும்போது ஹேண்டில் பாரை ஒரேயடியாகத் திருப்பிக் கட்டியிருப்பார்கள். அங்கேதான் உள்கம்பி அறுந்திருக்கும்.

2011-ல் கீழ்பவானி வாய்க்கால் கரையில் மீட்டர் 99999 காட்டியது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ நாலாவது படித்துக்கொண்டிருந்தாய். இஞ்சினை நிறுத்திவிட்டு, உன்னை டேங்க் மேல் உட்கார வைத்து, வண்டியை மெல்லத் தள்ளிக்கொண்டு போனேன். நீ மூக்கு கண்ணாடியில் ஒட்டும்படி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாய். கடைசிக் கட்டம் நகர நகர ஐந்து ஒன்பதும் சேர்ந்து மேலே எழும்பி, பாதி ஒன்பதும் பாதி சுழியுமாகக் கொஞ்ச நேரம் நின்று, அப்புறம் மொத்தமாக 00000 ஆயிற்று. "இஞ்சினே ஓடலியே, நம்பர் எப்படிப்பா ஓடுது?" என்று கேட்டாய். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் இந்த வேலை முழுவதும் புரிந்துவிடும். நம் ஸ்ப்ளெண்டரில் மீட்டருக்கும் இஞ்சினுக்கும் சம்பந்தமே இல்லை. முன் சக்கரம் சுற்றினால் போதும். சக்கரத்தின் நடுவில் பிரேக் இருக்கும் டிரம்முக்குள் ஒரு பல்சக்கரம் சக்கரத்தோடு சுற்றுகிறது, அது கேபிளின் உள்கம்பியைச் சுற்றுகிறது, கம்பி மீட்டருக்குள் போய் ஒரு சின்னக் காந்தத்தைச் சுற்றுகிறது.

அதற்கு மேல் நடப்பது நீ ப்ளஸ் டூவில் படித்த சுழல் மின்னோட்டம்தான். காந்தத்தைத் தொடாமல் மூடினாற்போல ஒரு அலுமினியக் கிண்ணம் இருக்கும். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் பக்கத்தில் காந்தம் சுழன்றால் கிண்ணத்தில் மின்னோட்டம் உண்டாகி, அதுவும் கூடவே சுற்றப் பார்க்கும். முடி போல மெல்லிய சுருள்வில் ஒன்று அதைப் பின்னுக்கு இழுக்கும். இரண்டு இழுப்பும் சரிக்குச் சரியாகும் இடத்தில் முள் நிற்கும். 1902-ல் ஓட்டோ ஷூல்ட்ஸ என்பவர் ஜெர்மனியில் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. ஐடிஐயில் பழைய மீட்டர் ஒன்றைப் பிரித்துப் பையன்களுக்கு இதைக் காட்டுகிற நாளில் எனக்கு ஒவ்வொரு வருஷமும் சந்தோஷமாக இருக்கும். கிலோமீட்டர் எண்களுக்குக் காந்தம் கிடையாது, அவை நேரே பல்சக்கரத்தில் ஓடுகின்றன. அதனால் முள் ஆடி எண் நின்றாலோ, எண் ஓடி முள் படுத்தாலோதான் மீட்டரைச் சந்தேகப்பட வேண்டும்.

நீ செய்ய வேண்டியது இதுதான். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டு போட்டு, உன் அறைத்தோழியைப் பின்சீட்டில் உட்காரச் சொல். முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஹெட்லைட்டுக்குப் பின்னால் கையை விட்டால் மீட்டரின் அடியில் சொரசொரப்பான வட்ட நட்டு ஒன்று தட்டுப்படும். கையாலேயே திருகலாம், வரவில்லையென்றால் துணி சுற்றி பிளேயரால் லேசாகத் திருப்பு. கேபிளை வெளியே இழுத்து, முன் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, கேபிளின் நுனியைப் பார். நடுவில் இருக்கும் சதுரக் கம்பி சுற்றினால் என் கணக்குத் தப்பு, கோளாறு மீட்டரில் இருக்கிறது. சுற்றாவிட்டால் கீழே சக்கரத்தின் பக்கம் கேபிளைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூவைக் கழற்றி முழுக் கேபிளையும் எடுத்துவிடு. உள்கம்பியை உருவிப் பார்த்தால் இரண்டு துண்டாக வரும் என்று நினைக்கிறேன். அறுந்த இடத்தில் இழைகள் துடைப்பம் போலப் பிரிந்திருக்கும். அறாமலே சதுர முனை மழுங்கி உருண்டையாகியிருந்தாலும் சுற்றைக் கடத்தாது, அதையும் விரலால் தடவிப் பார்.

புதுக் கேபிளை மாட்டுமுன் அதன் உள்கம்பியைப் பாதி உருவி, டப்பாவில் வைத்திருக்கும் கிரீஸை இரண்டு விரலில் எடுத்து, கோலம் போட மாவு எடுக்கிற அளவுக்கு மெல்லிசாகத் தடவு. மீட்டர் பக்கம் ஒரு சாண் நீளத்துக்குத் தடவவே கூடாது. கம்பி சுற்றச் சுற்ற கிரீஸ் மேலே ஏறும். மீட்டருக்குள் போனால் அந்தக் கிண்ணத்தில் ஒட்டி முள்ளைப் பிடித்துக்கொள்ளும், நன்றாக இருந்த மீட்டர் அதோடு போய்விடும். கேபிளை அந்தக் கம்பி வளையத்துக்குள் விட்டுத்தான் மேலே கொண்டுபோக வேண்டும். மாட்டிய பிறகு ஹேண்டில் பாரை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார், எங்கேயும் இழுபடவோ மடங்கவோ கூடாது. கீழே ஸ்க்ரூ போடுவதற்கு முன் சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால் கம்பியின் முனை தானாகத் தன் இடத்தில் போய் உட்காரும். தட்டி ஏற்றாதே.

முள் ஆட ஆரம்பித்ததும் ஒருநாள் காலையில், கூட்டமில்லாத நேரத்தில், தளி ரோடு பக்கம் போ. 40-ல் முள்ளைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை எத்தனை விநாடி என்று பின்னால் இருப்பவள் பார்க்கட்டும். 90 விநாடி என்றால் முள் சரி. 95 வந்தாலும் கவலைப்படாதே. மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம், குறைத்துக் காட்டத்தான் கூடாது. 80 விநாடியில் அடுத்த கல் வந்துவிட்டால் எனக்குப் போன் பண்ணு.

இதை ஏன் இந்த வாரமே செய்யச் சொல்கிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். போனில் சொல்ல முடியாது, அம்மா பக்கத்திலேயே இருப்பாள்.

அம்மா முழங்காலில் இருக்கும் தழும்பு வாய்க்கால் படியில் வழுக்கி விழுந்ததால் வந்தது என்று உனக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அது திம்பம் மலைப்பாதையில் வந்தது. உனக்கு நாலு வயது, உன்னைப் பாட்டியிடம் விட்டுவிட்டு தாளவாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். மீட்டர் கேபிள் அறுந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. இத்தனை வருஷம் ஓட்டுகிறேன், இஞ்சின் சத்தத்தை வைத்தே வேகம் தெரியும் என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டேன். 27 கொண்டை ஊசி வளைவு. முதல் பத்து வளைவு ஜாக்கிரதையாகத்தான் இறங்கினேன். அப்புறம் நாலாவது கியரில் ஆக்சிலேட்டரை மூடிவிட்டு வந்தேன். இஞ்சின் சத்தம் அடங்கியிருந்தது, காற்று காதுக்குப் பழகிப்போயிருந்தது. 30-ல் வருகிறேன் என்று நிஜமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன் கண்ணு. பண்ணாரிக்கு இன்னும் ஆறு வளைவு இருக்கும்போது, மேலே ஏறி வந்த பஸ் ஒன்று வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு திரும்பியது. பிரேக் பிடித்தும் வண்டி நிற்கவில்லை. ஓரத்துச் சரளையில் சறுக்கி விழுந்தோம். எனக்கு உள்ளங்கை உரிந்தது, அவ்வளவுதான். அம்மாவுக்கு முழங்கால் எலும்பு வெளியே தெரிந்தது. ஏழு தையல். அன்றைக்கு ராத்திரி அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பாப்பாகிட்ட சொல்ல வேண்டாங்க, வண்டியில ஏறவே பயந்துக்குவா."

நீ பயப்படவில்லை, நன்றாகவே ஓட்டுகிறாய். ஆனால் நீ போகிறது 44-ம் எண் நெடுஞ்சாலை. மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது உனக்கும் அந்த மாதிரித்தான் இருக்கும், மெதுவாகப் போகிற மாதிரி. கேபிள் மாட்டும்வரை பஸ்ஸில் போய் வா. போனை ஹேண்டில் பாரில் மாட்டி அதில் வேகம் பார்த்துக்கொண்டு ஓட்டாதே.

1998-ல் வண்டி எடுத்த நாளிலிருந்து பெட்ரோல் கணக்கு எழுதும் நோட்டில் 41862-க்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு வைத்திருக்கிறேன். பத்து நாள் ஓட்டம் எண்ணிக்கையில் ஏறாமல் போயிற்று. அறையிலிருந்து கம்பெனிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று சொல், பக்கத்தில் குறித்துக்கொள்கிறேன். ஆயில் மாற்றும் கணக்குக்கு அது வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு: கேபிள் நன்றாக இருந்து, கோளாறு டிரம்முக்குள் இருக்கும் பல்சக்கரத்தில் என்றால் நீ கை வைக்காதே, மெக்கானிக்கிடமே விட்டுவிடு. முன் சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருக்கும். ஆனால் திரும்ப மாட்டும்போது பக்கத்தில் நின்று இரண்டு விஷயம் பார். கிரீஸ் பட்ட கையால் பிரேக் ஷூவைத் தொடக் கூடாது. பிரேக் பிளேட்டில் ஒரு காடி, அதாவது பள்ளம், இருக்கும், ஃபோர்க்கின் உள்பக்கம் ஒரு முண்டு இருக்கும். அந்த முண்டு காடிக்குள் உட்கார்ந்த பிறகுதான் ஆக்சிலை முறுக்க வேண்டும். உட்காராமல் ஓட்டினால் பிரேக் பிடித்ததும் பிளேட்டே சக்கரத்தோடு சுற்றிக்கொள்ளும். முறுக்கியதும் உன் கையால் பிரேக்கைப் பிடித்து, வண்டியை முன்னுக்குத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.