தண்ணீர் இல்லாத ஆற்றை வரைவது

வேலூர்
சனிக்கிழமை காலை

அன்பு மகளுக்கு,

அப்பாவின் ஆசிகள். நீ அனுப்பிய தாள் கட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. முழுப் பருத்தி, 300 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் 300 கிராம் எடை. பிரித்த உடனே ஒரு தாளில் வெறும் தண்ணீரைப் பூசிப் பார்த்தேன். சாதாரணத் தாள் என்றால் அதற்குள் நெளிந்து எழும்பியிருக்கும். இது தண்ணீரை உள்ளே வாங்கிக்கொண்டு, அவசரப்படாமல் விடுகிறது. உன் தொண்டை வலி தேவலையா என்று அம்மா கேட்கிறாள். அதற்குத் தனியாக அவளுக்குப் பதில் எழுது.

கோட்டையை வரைந்து அனுப்பச் சொல்லியிருக்கிறாய். அனுப்புகிறேன். அதற்கு முன், இங்கே நான் கண்டுகொண்டதை உனக்குச் சொல்லியாக வேண்டும். வாட்டர்கலர் பற்றி நான் படித்த பாடங்களில் பாதிக்கு மேல் இங்கிலாந்தின் ஈரக் காற்றில் உருவானவை. "முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே நிதானமாக அடுத்த நிறத்தை விடுங்கள்" என்பார்கள். சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் நிதானத்துக்கு ஏது இடம்? வானத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தூரிகை போய்ச் சேர்வதற்குள் தொடங்கிய இடம் காய்ந்து கோடு விழுந்துவிடும். ஆகவே விடியற்காலையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, தாளின் இரண்டு பக்கமும் நனைத்துக் கண்ணாடிப் பலகையில் ஒட்ட வைத்து வரைகிறேன். அடிப்பக்க ஈரம் மேல்பக்கத்தைக் காப்பாற்றுகிறது. மேகமும் மலையின் தூரத்து விளிம்பும் இப்படித்தான் மென்மையாக வருகின்றன.

ஆனால் இந்த வெயிலை எதிரியாக நினைக்க வேண்டியதில்லை. ஒரு பூச்சு முற்றிலும் உலர்ந்த பிறகு அதன் மேல் மெல்லிய இன்னொரு பூச்சு, அதன் மேல் மற்றொன்று என்று அடுக்கும் முறைக்கு நம் ஊரைப் போல் தோதான இடம் இல்லை. உன் மான்செஸ்டரில் ஹேர் டிரையரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். இங்கே தூரிகையைக் கழுவித் திரும்பினால் தாள் தயார்.

நம் ஊரைப் பற்றிச் சொல்வார்களே, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று. சாமி 1981-லேயே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். மற்றவை அப்படியே இருக்கின்றன, அவைதான் எனக்கு வேண்டியவை. பச்சை நிறைந்த இடத்தை வரைவது கடினம். ஒரு பச்சைக்கும் அடுத்த பச்சைக்கும் வித்தியாசம் காட்டியே கை ஓய்ந்துவிடும். இங்கே பாறையும் மணலும் வெளிச்சமும்தான். வாட்டர்கலரில் வெள்ளையைப் பூசுவதில்லை, தாளைத்தான் விட்டுவைக்கிறோம். பாலாற்றை வரையும்போது முக்கால் தாள் அப்படியே நிற்கிறது. யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சளில் துளி ரோஸ் கலந்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு பூச்சு. மணல் பள்ளங்களின் நிழலுக்குச் சாம்பல் நிறம் எடுக்காதே. உற்றுப் பார்த்தால் அதில் வானத்தின் நீலம் விழுந்திருக்கும். வெளிர் ஊதாவில் வைத்தால்தான் அங்கே வெயில் அடிப்பது தெரியும். சீமைக் கருவேலத்துக்கு ஈரம் குறைந்த தூரிகையைப் படுக்க வைத்து இழுத்தால் போதும். 2021 நவம்பரில் ஆறு இரு கரை தொட்டு ஓடியதை எல்லோரும் வரையச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ வறண்ட ஆற்றில்தான் மனம் நிற்கிறது.

கோட்டைக்கு வருகிறேன். கல்லை வரைவது கல்லின் நிறத்தைக் கண்டுபிடிப்பதில் இல்லை. அல்ட்ராமெரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் தட்டிலேயே முழுதாகக் குழைத்துவிட்டால் செத்த சாம்பல்தான் மிஞ்சும். இரண்டையும் தனித்தனியே நீர்க்கக் கரைத்து, நனைந்த தாளில் பக்கம் பக்கமாக விட்டுப் பலகையைச் சற்றே சாய்க்க வேண்டும். அவை தாமாகவே கலக்கும். அல்ட்ராமெரின் துகள்கள் தாளின் சிறு குழிகளில் போய்த் தங்கிப் பொரிப்பொரியாகக் காயும். கருங்கல்லின் சொரசொரப்பு அதிலேயே வந்துவிடுகிறது. ஒரு புள்ளிகூட நாம் வைக்க வேண்டாம். தாலோ நீலம் இதற்கு உதவாது. அது தாளில் சாயமாக ஏறிவிடும், பிறகு நனைத்துத் துடைத்தாலும் முழுதாகப் போகாது. அகழியின் தண்ணீருக்கு மதிலின் நிறத்தையே இன்னும் நீர்க்கச் செய்து மேலிருந்து கீழாக இழுக்கிறேன். கோட்டைக்குள் இருக்கும் அந்தக் கோயிலின் கல்யாண மண்டபத்து யாளித் தூண்களுக்கு இப்போது போக மாட்டேன். அவ்வளவு நுணுக்கத்தைத் தண்ணீரிடம் கேட்பது நியாயமில்லை.

ஒரு சின்னப் பொருளில்தான் இந்தக் கலை முழுதும் பிடிபடுகிறது. அம்மா வாங்கி வந்த இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் ஒன்றைச் சமையலுக்குக் கொடுக்காமல் ஜன்னலோரம் வைத்து வரைந்தேன். அதன் பளபளப்பு முழுவதும் விட்டுவைத்த ஒரு வெள்ளைக் கீற்றில் இருக்கிறது. காம்பின் முள்ளுக்குப் பச்சை பூசிவிட்டுப் பல்குத்தும் குச்சியால் கீறினேன். பூச்சு சொதசொதவென்று இருக்கும்போது கீறினால் நிறம் பள்ளத்தில் வழிந்து கறுத்த கோடாகிறது. மினுமினுப்பு அடங்கி வெறும் ஈரம் மட்டும் இருக்கும் அந்தச் சிறு நேரத்தில் கீறினால் நிறம் ஒதுங்கி வெளிறிய முள் எழுகிறது. இங்கே அந்த நேரம் கண் சிமிட்டும் பொழுதுதான்.

அதனால் உன்னிடம் ஒரு வேலை சொல்கிறேன். இதே தாள் உன்னிடமும் இருக்கிறது. அங்கே கிடைக்கும் ஏதாவது ஒரு கத்திரிக்காயை இதே முறையில் வரைந்து, எவ்வளவு நேரத்தில் மினுமினுப்பு அடங்கியது, கீறியது எப்படி வந்தது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து அனுப்பு. பள்ளியில் படித்தபோது இரவெல்லாம் உட்கார்ந்து வரைந்த பெண் நீ. வேலை நெருக்கடி எனக்குத் தெரியும்; ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போதும். நானும் நீயும் ஒரே காயை இரண்டு காற்றில் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஊதாவுக்குச் சிவப்பு வாங்கும்போது அலிசரின் கிரிம்சன் வேண்டாம். வெளிச்சம் பட்டுப்பட்டு நாளடைவில் வெளுத்துவிடும். பெர்மனன்ட் ரோஸ் வாங்கு, சின்ன ட்யூப் போதும். கோட்டைப் படத்தைத் திங்கட்கிழமை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா