ஈ.டி. சதவீதத்தை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

பன்னிரண்டாம் வகுப்பில் பிள்ளை இருக்கும் பெற்றோர்களுக்கு,

வணக்கம். நான் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஏர்லி டிசிஷன், சுருக்கமாக ஈ.டி., என்பது கிடைத்தால் சேர்ந்தே ஆகவேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு ஒரே ஒரு கல்லூரிக்கு நவம்பரிலேயே விண்ணப்பிக்கும் முறை; கட்டுப்பாடில்லாத வழக்கமான சுற்றுதான் ரெகுலர். அந்த ஈ.டி.யில் இடம் கிடைக்கும் சதவீதம் அதிகமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, பிள்ளையை எந்தக் கல்லூரிக்கும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அந்தச் சதவீதம் உங்கள் பிள்ளைக்கானது அல்ல. யாருக்கானது என்று சொல்லத்தான் இந்த மடல்.

வாரக்கடைசித் தமிழ்ப்பள்ளியில் பெரிய வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். கல்லூரிக் கட்டுரைகளைப் படித்துப் பார்க்கச் சொல்லிப் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவருவார்கள். அக்டோபர் வந்துவிட்டால் வகுப்பில் இலக்கணம் நடக்காது. "மிஸ், அந்த காலேஜ்ல ரெகுலர்ல ஏழு பர்சென்ட், ஈ.டி.ல இருபத்தஞ்சு. அப்பா அங்கேயே போடச் சொல்றார்." இதே பேச்சைப் பல வீடுகளிலிருந்து கேட்டாகிவிட்டது. அந்தக் கல்லூரி எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டால் பிள்ளைக்குச் சரியாகத் தெரியாது. சதவீதம் மட்டும் மனப்பாடம்.

நம் பழக்கம் அப்படி. கட்-ஆஃப், ரேங்க் லிஸ்ட், கவுன்சிலிங் என்று வளர்ந்தவர்கள் நாம். தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சிலிங்கில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குத் தனித் தரவரிசை வெளியாகும். பொதுப்பிரிவில் நிற்கிறவனுக்குத் தன் வரிசையில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். அந்த அனுபவத்தோடு அமெரிக்கக் கல்லூரியின் எண்ணைப் பார்க்கும்போது, இதுவும் ஒரே வரிசைதான் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் இங்கே பல வரிசைகளையும் ஒரே பானையில் போட்டுத்தான் எண்ணிச் சொல்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இது நானாக வைத்துக்கொண்ட எண்கள்தான், எந்தக் கல்லூரியுடையதும் அல்ல. முதலாண்டில் 500 இடம் உள்ள ஒரு சிறிய கல்லூரி. ஈ.டி.யில் 1000 பேர் போடுகிறார்கள், 250 பேரை எடுக்கிறார்கள். 25 சதவீதம். பார்த்ததும் நாக்கில் நீர் ஊறும். அந்த 250 பேரில் 100 பேர் கோச் கேட்டு வாங்கிய விளையாட்டு வீரர்கள் என்று வையுங்கள். மிச்சம் 900 பேருக்கு 150 இடம், 17 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. இதில் பழைய மாணவர்களின் பிள்ளைகள், கல்லூரியிலேயே வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கான குவெஸ்ட்பிரிட்ஜ் போன்ற திட்டங்கள் வழியாக வருகிறவர்கள் என்று இன்னொரு பகுதியையும் கழித்துப் பாருங்கள். எந்தத் தொடர்பும் இல்லாத பிள்ளைக்கு மிஞ்சுவது ரெகுலர் சதவீதத்தைவிடக் கொஞ்சம் மேலே இருக்கலாம். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வாட்ஸாப்பில் சுற்றும் மூன்று மடங்கு, நான்கு மடங்கு அல்ல அது.

காமன் டேட்டா செட் என்று கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் ஆவணத்தில் சி21 என்ற பகுதியைப் பாருங்கள். ஈ.டி.யில் எத்தனை பேர் போட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று இருக்கும். அவர்களில் எத்தனை பேர் விளையாட்டு வழியாக வந்தவர்கள் என்பதற்கு அங்கே கட்டமே கிடையாது.

இந்த இடங்கள் நவம்பருக்கு வெகுமுன்பே பேசி முடிக்கப்படுகின்றன. கல்லூரி விளையாட்டின் மூன்றாம் அடுக்கான டிவிஷன் மூன்றில் ஆடும் சிறிய கல்லூரிகளில், பதினோராம் வகுப்பு முடிந்த கோடையில் கோச் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலையும் தேர்வு மதிப்பெண்ணையும் வாங்கி அட்மிஷன் அலுவலகத்திடம் கொடுப்பார். இதற்கு ப்ரீ-ரீட் என்று பெயர். அலுவலகம் தலையசைத்தால், "ஈ.டி.யில் போடு, நான் உனக்காகப் பேசுகிறேன்" என்று கோச் சொல்வார். ஹார்வர்டு உள்ளிட்ட எட்டுப் பல்கலைக்கழகங்களின் ஐவி லீக்கிலோ தகுதியான வீரர்களுக்கு அக்டோபர் முதலே லைக்லி லெட்டர் அனுப்ப முடியும்; கிட்டத்தட்ட இடம் உனக்குத்தான் என்று சொல்லும் கடிதம் அது. உங்கள் மகள் கட்டுரையின் கடைசிப் பத்தியைப் பதினோராவது முறையாகத் திருத்திக்கொண்டிருக்கும் வாரத்தில், இன்னொரு பிள்ளைக்கு அந்தக் கடிதம் வந்து சேர்ந்திருக்கும்.

மாணவர் சேர்க்கையில் இனப் பாகுபாடு காட்டுவதாகத் தொடரப்பட்டு 2018இல் விசாரணைக்கு வந்த ஹார்வர்டு வழக்கில் இந்தக் கணக்கு கொஞ்சம் வெளிச்சத்துக்கு வந்தது. அங்கே இருப்பது கட்டாயமில்லாத வேறு வகை ஏர்லி முறை என்றாலும் சங்கதி ஒன்றுதான். ரெக்ரூட் செய்யப்பட்ட, அதாவது கோச் தேர்ந்தெடுத்த, வீரர்களில் சுமார் 86 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்திருந்தது. மொத்த விண்ணப்பதாரர்களில் கிடைத்தது ஏறத்தாழ 6 சதவீதம் பேருக்கு.

பணக்காரப் பெரிய கல்லூரியில்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். சிறிய கல்லூரியில்தான் இறுக்கம் அதிகம். அமெரிக்கன் ஃபுட்பால் அணி என்றால் ஐம்பதாயிரம் பேர் படிக்கும் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் பெரிய கூட்டம் வேண்டும், இரண்டாயிரம் பேர் படிக்கும் கல்லூரியிலும் பெரிய கூட்டம் வேண்டும். அதோடு நீச்சல், லக்ராஸ், படகு, ஐஸ் ஹாக்கி, ஸ்குவாஷ் என்று ஒவ்வொன்றுக்கும் ஆண் அணி, பெண் அணி. ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ் போன்ற இடங்களில் மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கல்லூரி அணியில் இருப்பவர். ஹார்ட்ஃபோர்டில் உள்ள டிரினிட்டி கல்லூரியின் ஆண்கள் ஸ்குவாஷ் அணி 1998 முதல் 2012 ஜனவரி வரை தொடர்ந்து 252 போட்டிகளில் தோற்கவே இல்லை. உலகம் முழுக்கத் தேடி ஆள் சேர்த்த அணி அது, இந்தியாவிலிருந்தும் வந்து ஆடியிருக்கிறார்கள். இத்தனைக்கும் ஐவி லீக்கிலும் சரி, டிவிஷன் மூன்றிலும் சரி, விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. கோச்சின் கையில் இருப்பது பணமல்ல, அட்மிஷன் இடம். அதனால்தான் அதற்கு இத்தனை மதிப்பு.

இதைக் கேட்டதும் சிலருக்குக் கோபம் வரும். "நம்ம பிள்ளை ஒன்பது ஏ.பி. (கல்லூரித் தரப் பாடம்) எடுத்திருக்கான், பந்து அடிக்கிறவனுக்கு இடமா?" இந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. என் வகுப்பில் ஒரு நீச்சல்காரி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஈரத் தலையோடுதான் வருவாள், குளோரின் வாடை அடிக்கும். பள்ளி நாட்களில் விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்ணீரில் இருப்பாள். பின்வரிசையில் உட்கார்ந்து, நான் புணர்ச்சி விதி சொல்லும்போது கண் சொருகும், எழுப்ப மாட்டேன். கோடையில் ஒரு கோச் அவளிடம் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். செப்டம்பரில் அவருடைய மின்னஞ்சல் வருவது நின்றது. அவளைவிட வேகமாக நீந்தும் இன்னொரு பெண் கிடைத்துவிட்டாள், அவ்வளவுதான். கோச் வாயால் சொல்வது யாரையும் கட்டுப்படுத்தாது. இடம் கொடுப்பது அட்மிஷன் அலுவலகம். நம் பிள்ளைகளுக்கு டிசம்பரில் வரும் வயிற்றுக் கலக்கம் அந்தப் பிள்ளைகளுக்குப் பதினோராம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. முறையில் கோளாறு இருக்கிறது. அதற்காகப் பிள்ளைகளைத் திட்டி என்ன பயன்?

இன்னொரு கூட்டம் நேர் எதிராகக் கிளம்பியிருக்கிறது. ஐந்தாம் வகுப்பிலேயே ஃபென்சிங், ஸ்குவாஷ் என்று சேர்த்துவிட்டு, "காலேஜுக்கு உதவும்" என்கிறார்கள். பிள்ளைக்கு வாள் பிடித்திருந்தால் தாராளமாகப் பிடிக்கட்டும். கல்லூரிக்காக என்றால், ஒரு கோச் ஓர் ஆண்டில் எடுப்பது விரல்விட்டு எண்ணும் பேரை. அந்தக் குறுக்குவழி மோகம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 2019 மார்ச்சில் எல்லோரும் பார்த்தோம். கல்லூரி ஆலோசகர் ரிக் சிங்கர் வழியாகக் கோச்சுகளுக்குப் பணம் கொடுத்து, ஆடாத பிள்ளையின் முகத்தை ஆடுகிறவர் உடம்பில் ஒட்டிப் படம் தயாரித்தவர்கள் நீதிமன்றப் படி ஏறினார்கள்.

இனி பணம். ஈ.டி. ஒப்பந்தத்தில் பிள்ளை, பெற்றோர், பள்ளிக் கவுன்சிலர் மூவரும் கையெழுத்துப் போடுகிறோம். கிடைத்தால் சேர்ந்தே ஆகவேண்டும், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். கொடுக்கும் உதவித்தொகை போதாவிட்டால் விலகலாம் என்பது உண்மைதான். ஆனால் நான்கு கல்லூரிக் கடிதங்களை மேசையில் பரப்பி ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி போய்விடும். ஒவ்வொரு கல்லூரித் தளத்திலும், நம் வருமானத்துக்கு உண்மையில் எவ்வளவு கட்டவேண்டியிருக்கும் என்று தோராயமாகக் காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கிறது. 2011இலிருந்து சட்டப்படி வைத்தே ஆகவேண்டும். கையெழுத்துக்கு முன்பு இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அதை நிரப்புங்கள். முக்கியமாக, பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் பிள்ளை இருக்கும் வீடுகள். இங்கேயே எல்.கே.ஜி. படித்த பிள்ளையாக இருந்தாலும், பல தனியார் கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவர் கணக்கில்தான் வைப்பார்கள். மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது. உதவித்தொகை கேட்டாலே இடம் கிடைக்கும் வாய்ப்பு குறையும் கல்லூரிகள்தான் அதிகம். இதை விண்ணப்பம் போட்டு முடித்தபின் நவம்பர் 2ஆம் தேதி கண்டுபிடிப்பதில் பயனில்லை.

கல்லூரிகளுக்கு இந்த முறையின் குறை தெரியாமல் இல்லை. 2006இல் ஹார்வர்டு ஏர்லி முறையையே கைவிடுவதாக அறிவித்தது. பிரின்ஸ்டனும் வர்ஜீனியா பல்கலைக்கழகமும் பின்தொடர்ந்தன. மற்றவர்கள் வரவில்லை. 2011 வாக்கில் மூன்றும் திரும்பிவிட்டன. நாம் காத்திருந்து அவர்கள் மாறப்போவதில்லை.

ஆகவே ஈ.டி. போடவே கூடாதா? போடலாம். பிள்ளை அந்த ஊருக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டும், அல்லது அங்கே படிக்கும் யாரிடமாவது பேசியிருக்க வேண்டும். பணக் கணக்கு சரியாக வர வேண்டும். சதவீதத்தை மறைத்துவிட்டுக் கேட்டாலும் அதே பெயரைச் சொல்ல வேண்டும். அப்படியானால் கையெழுத்துப் போடுங்கள், நானே பேனா தருகிறேன்.

டிசம்பர் நடுவில் முடிவு வரும். பெரும்பாலும் சாயங்காலம். பிள்ளை போர்ட்டலைத் தனியாகத் திறக்கட்டும். தோளுக்குப் பின்னால் அம்மா, அப்பா, போனில் கோயம்புத்தூர்ப் பாட்டி என்று கூடி நிற்காதீர்கள். ஃபோனில் வீடியோ எடுக்காதீர்கள். டிஃபர் என்று வந்தால் ரெகுலர் சுற்றில் மறுபடி பார்ப்பார்கள் என்று பொருள், கட்டுப்பாடும் விலகிவிடும். ரிஜெக்ட் என்று வந்தால், அன்று ராத்திரி செய்யவேண்டியது சாப்பாடு போடுவது. மறுநாளே வேறொரு கல்லூரியின் ஈ.டி. இரண்டு எனும் இரண்டாம் சுற்றுக்குப் பாயாதீர்கள், அதுவும் அதே கட்டுப்பாடுதான், யோசிக்க ஜனவரி ஆரம்பம் வரை நேரம் இருக்கிறது. மற்ற கல்லூரிகளின் கட்டுரைகளை நவம்பரிலேயே முடித்து வைக்கச் சொல்லுங்கள். அழுத கண்ணோடு இரண்டு வாரத்தில் எட்டுக் கட்டுரை எழுதிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்தக் கட்டுரைகளும் அப்படித்தான் இருந்தன.

கடைசியாகச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழா மேடையில் ஈ.டி. கிடைத்த பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கல்லூரிப் பெயரோடு கைதட்டும் பழக்கம் சில ஊர்களில் வந்துவிட்டது. அதே பறையாட்டக் குழுவில், அதே மேடைக்குப் பின்னால், டிஃபரான பிள்ளையும் ரிஜெக்டான பிள்ளையும் காலில் சலங்கை கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அந்தப் பாராட்டை மே மாதத்துக்குத் தள்ளி வையுங்கள். மே 1க்குள் எல்லோருக்கும் ஏதோ ஒரு கல்லூரி உறுதியாகியிருக்கும். அப்போது பன்னிரண்டாம் வகுப்பு மொத்தத்தையும் மேடையேற்றலாம். கம்யூனிட்டி காலேஜ் போகிற பிள்ளையையும் சேர்த்து.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை, நியூஜெர்சி