இது குடும்பத் தகராறு அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணவனின் கொடுமைக்கு அஞ்சி நாட்டை விட்டு வெளியேறும் பெண்களுக்குப் புகலிடம் அளிப்பது அகதிகள் சட்டத்தில் உள்ள ஓட்டையின் விளைவு என்றும், குடும்பத் தகராறுகளை அந்தந்த நாட்டுக் காவல் நிலையங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் தங்கள் நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரை ஒன்று அண்மையில் வாதிட்டிருந்தது. வழக்கறிஞராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த வாதம் சட்டத்துக்கும் உண்மைக்கும் பொருந்தாதது என்பதை வாசகர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இனம், மதம், தேசிய இனம், அரசியல் கருத்து, குறிப்பிட்டதொரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல் ஆகிய ஐந்தில் ஏதேனும் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்று தக்க காரணத்துடன் அஞ்சுபவரே அகதி என்பது அகதிகள் குறித்த 1951ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை தரும் வரையறை. ஐந்தாவது காரணம் முதல் வரைவில் இல்லை. குறிப்பிட்ட சமூகக் குழுக்களைச் சேர்ந்தவர்கள் என்பதற்காகவே துன்புறுத்தப்பட்ட அகதிகள் உண்டு, அவர்களுக்கு வரைவில் இடமில்லையே என்று சுட்டிக்காட்டிய ஸ்வீடன் நாட்டுப் பிரதிநிதியின் முன்மொழிவால், அந்த ஆண்டு நடந்த மாநாட்டில் அது சேர்க்கப்பட்டது. தெரிந்தே திறந்து வைத்த கதவை ஓட்டை என்று சொல்வது முறையாகாது.

எது சமூகக் குழு என்பதை உடன்படிக்கை விளக்கவில்லை. அந்தப் பணி நீதிமன்றங்களிடம் வந்து சேர்ந்தது. எல் சால்வடாரைச் சேர்ந்த டாக்சி ஓட்டுநர் ஒருவரின் வழக்கில் 1985இல் அமெரிக்கக் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம், ஒருவரால் மாற்றிக்கொள்ள இயலாத, அல்லது மாற்றிக்கொள்ளும்படி கேட்கவே கூடாத ஒரு தன்மை குழுவினர் அனைவருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று கூறியது. அந்த ஓட்டுநர் வழக்கில் தோற்றார். அவர் வழக்கில் பிறந்த அளவுகோலோ பல நாடுகளுக்குப் பரவியது. 1993இல் கனடா உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றதுடன், துன்புறுத்துவது அரசாகவே இருக்க வேண்டியதில்லை, அரசு காப்பாற்ற இயலாத நிலையில் இருந்தாலே போதும் என்றும் தெளிவுபடுத்தியது. கட்டுரையாளர் கவனிக்கத் தவறியது இதைத்தான்.

அடிப்பவன் கணவன், அவனுக்குத் தனிப்பட்ட கோபம், இதில் சமூகக் குழு எங்கே வந்தது என்று கேட்கிறார் அவர். இதற்கு 1999இலேயே, அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை விடை சொல்லிவிட்டது. நடத்தை கெட்டவர்கள் என்று பொய்ப் பழி சுமத்தப்பட்டு, கணவர்களால் வீட்டை விட்டு விரட்டப்பட்ட இரு பாகிஸ்தானியப் பெண்களின் வழக்கு அது. நாஜி ஜெர்மனியில் ஒரு யூதரின் கடையைத் தொழில் போட்டியாளர் ஆள் வைத்து அடித்து நொறுக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார் அவ்வழக்கின் நீதிபதிகளுள் ஒருவரான ஹாஃப்மன் பிரபு. நோக்கம் வியாபாரப் போட்டிதான்; ஆனால் யூதருக்காகக் காவல் துறை வராது என்ற துணிச்சல் இல்லாவிட்டால் அந்தக் கை ஓங்கியே இருக்காது. ஆகவே அது இனத்தின் பெயரால் நடக்கும் துன்புறுத்தலே. அதுபோல, பெண் என்பதாலேயே அரசு காப்பாற்ற மறுக்கும் இடத்தில், கணவனின் வன்முறையையும் அரசின் பாராமுகத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்ற அத்தீர்ப்பின் தருக்கத்துக்கு இன்றுவரை எவரும் தக்க மறுப்பைச் சொன்னதாக நான் கருதவில்லை.

அமெரிக்காவிலோ இந்தத் தெளிவு நிலைக்கவில்லை. முன்னாள் ராணுவ வீரனான கணவனின் சித்திரவதையிலிருந்து காவல் துறையும் நீதிமன்றமும் காப்பாற்றாத நிலையில், 1995இல் தப்பி வந்த குவாத்தமாலாப் பெண் ஒருவருக்கு அடுத்த ஆண்டே குடியேற்ற நீதிபதி புகலிடம் அளித்தார். 1999இல் மேல்முறையீட்டு வாரியம் அதைப் பறித்தது. 2001இல் அந்நாட்டின் நீதித் துறைத் தலைவரான அட்டர்னி ஜெனரல் ஜேனட் ரீனோ வாரியத்தின் முடிவை ரத்து செய்தார். அதன் பிறகும் இழுத்தடிக்கப்பட்ட அந்த வழக்கில் 2009 டிசம்பரில்தான் இறுதியாகப் புகலிடம் கிடைத்தது. 2014இல் வாரியம் இத்தகைய பெண்களைச் சமூகக் குழுவாக ஏற்றது. 2018இல் அப்போதைய அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் அதைக் கவிழ்த்தார். 2021இல் அதே பதவியில் இருந்த மெரிக் கார்லண்ட் மீட்டார். 2025இல் அப்பதவிக்கு வந்த பாம் பாண்டி மீண்டும் செஷன்ஸின் நிலைக்கே கொண்டு சென்றார். உடன்படிக்கையின் சொற்கள் இத்தனை ஆண்டுகளில் ஓர் எழுத்தும் மாறவில்லை. உயிருக்கு அஞ்சி வந்தவளின் கதி, அவள் வந்து சேர்ந்த ஆண்டில் யார் பதவியில் இருந்தார் என்பதைப் பொறுத்து அமைவதைக் காணும்போது என் மனம் கொதிக்கிறது.

பெண்கள் என்றே ஒரு குழுவை ஏற்றால் கோடிக்கணக்கானோர் வந்து குவிவார்கள் என்ற அச்சத்தையும் கட்டுரை எழுப்புகிறது. மதத்தைக் காரணமாகக் காட்டுவோரிடம், உங்கள் மதத்தில் கோடிப் பேர் இருக்கிறார்களே என்று எந்த நீதிபதியும் கேட்பதில்லை. குழுவைச் சேர்ந்திருப்பது முதல் படி மட்டுமே. தனக்கு நேரக்கூடிய தீங்கு, அதற்கும் அக்குழுவுக்கும் உள்ள தொடர்பு, அரசின் கையாலாகாமை, சொந்த நாட்டிலேயே வேறு ஊரில் பாதுகாப்பாக வாழ முடியாமை ஆகிய அனைத்தையும் ஒவ்வொருத்தியும் தனித்தனியே நிறுவியாக வேண்டும். கையில் காசும் கடவுச்சீட்டும் இன்றி, பிள்ளைகளை விட்டுவிட்டும் வர மனமின்றித் தவிப்பவர்களில் எத்தனை பேரால் எல்லையை எட்ட முடியும் என்பதையும் அவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். ஆப்கானிஸ்தானைப் பொறுத்தவரை, அந்நாட்டவர், பெண் ஆகிய இரண்டையும் கருதினாலே போதும் என்று 2024 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலிபான்கள் கல்வி, வேலை, நடமாட்டம் என ஒவ்வொன்றாகப் பறித்துவிட்ட பின்னர், ஒவ்வொரு பெண்ணிடமும் தனித்தனிச் சான்று கேட்பது கொடுமை என்றே நானும் கருதுகிறேன்.

இந்தத் தள்ளாட்டத்துக்குத் தீர்வு ஐந்தாவது காரணத்தைச் சுருக்குவது அன்று; அதன் பொருளைச் சட்டத்திலேயே எழுதிவைப்பதுதான். தென்னாப்பிரிக்கா 1998ஆம் ஆண்டு அகதிகள் சட்டத்தில் அதைச் செய்தது. பாலினம், பாலியல் நாட்டம், மாற்றுத்திறன், வர்க்கம் ஆகியவற்றுடன் சாதியையும் அந்தச் சட்டம் சமூகக் குழுவின் வரையறையில் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. பிறப்பால் வந்த, மாற்றிக்கொள்ள முடியாத ஒன்றுக்காக ஒருவர் அடிக்கப்படுவதும், புகார் கொடுக்கப் போன இடத்திலேயே விரட்டப்படுவதும் எப்படிப்பட்டது என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஜெனீவா உடன்படிக்கையில் இதுவரை கையொப்பமிடாத இந்தியா, அகதிகளுக்கென ஒரு சட்டம் இயற்றும் நாள் வருமானால், அந்த வரையறையை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டும் என்று தங்கள் நாளிதழ் தலையங்கத்தில் வலியுறுத்த வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர்,
மதுரை.